பட்ட பாடும் பாடின பாட்டும்



பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு எங்கள் மருத்துவக் குழுவினர் போகும்போதெல்லாம் மீனவர் வாயில் தவறாமல் கேட்கும் சொல் ஒன்று உண்டு. அது "பாடு" என்னும் சொல். "இன்னிக்கு எங்க பாடு இல்லீங்க, நாளன்னிக்குத்தான்" என்பார்கள். முதல்முறை கேட்டபோது எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு பெரியவர் விளக்கிச் சொன்னார். ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று குப்பத்தார் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஏற்பாடு இது. தன் பாடு வராமல் ஒருவன் வலையை இறக்கினால் அது திருட்டுக்குச் சமம்.

நம்முடைய தமிழில் இச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டல்லவா? பாடு என்றால் துன்பம். "கிறிஸ்துவின் பாடுகள்" என்று லெந்து காலத்தில் தியானிக்கிறோம். பாடு என்றால் பாட்டுப் பாடு என்றும் பொருள். ஆக, துன்பம், பாட்டு, ஒப்புவிக்கப்பட்ட முறை என்று ஒரே சொல்லில் மூன்று பொருள்கள்.

இந்த மூன்றும் ஒருவருடைய வாழ்க்கையில் வந்து சேர்ந்ததை இந்த இதழில் படிக்கப்போகிறோம். அவர் இதே பழவேற்காட்டில் இருமுறை அடைக்கலம் புகுந்தவர். தமிழ்த் திருச்சபைக்குப் பாட்டும் வேதமும் அகராதியும் தந்தவர். அவர் பெயர் யோகான் பிலிப் பப்ரிசியஸ். அந்நாளைய வழக்கப்படி நாமும் அவரைப் பப்ரிசியஸ் ஐயர் என்றே அழைப்போம்.

ஐயர் யார்?

1711ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் ஜெர்மனியில் கிளீபெர்க் என்னும் ஊரில் பப்ரிசியஸ் ஐயர் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார். பின்பு ஹாலே நகருக்குப் போய் இறையியல் படித்தார். ஹாலேயில் பிராங்கே என்னும் பக்தர் ஏற்படுத்திய அநாதைப் பிள்ளைகள் இல்லம் இருந்தது. அங்கே ஒரு மருந்துக்கூடமும் இருந்தது. மருந்து விற்ற வருமானம் அங்குள்ள பிள்ளைகளைப் போஷிக்க உதவியது. அங்கிருந்து தரங்கம்பாடிக்கும் மருந்துப் பெட்டிகள் கப்பலேறி வந்தன. மிஷன் மருத்துவமனைகளைத் தாங்கிவரும் உங்களுக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும் என்று நம்புகிறோம்.

ஐயர் 1740இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1742ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். சென்னை ஊழியத்தைப் பெஞ்சமின் சூல்ட்சே என்பவர் 1728இல் தொடங்கியிருந்தார். அதற்கு இங்கிலாந்தின் எஸ்.பி.சி.கே. சங்கத்தார் பொருளுதவி செய்து வந்தார்கள். அப்படி ஒரு ஜெர்மானியப் போதகர் ஆங்கிலேயர் அனுப்பிய காணிக்கையைக் கொண்டு தமிழருக்குள் ஊழியம் செய்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பவும் இல்லை.

1. பட்ட பாடு

ஐயர் சென்னைக்கு வந்து நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்துக்கொண்டது. மிஷன் வீட்டையும் ஆலயத்தையும் இழந்து சபையார் சிதறினார்கள். ஐயர் பழவேற்காட்டுக்குப் போனார். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூர் அப்போது டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையும் அங்கே இருந்தது. சென்னை 1749இல் ஆங்கிலேயரிடம் திரும்பிய பின்பு வேப்பேரியில் மிஷனுக்கு ஓர் ஆலயமும் இடமும் கிடைத்தன. ஐயர் மீண்டும் ஊழியத்தைக் கட்டினார்.

கட்டியது நிலைத்ததா? 1758 டிசம்பரில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையை முற்றுகையிட்டார். வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. ஐயரும் அவருடன் ஊழியம் செய்த பிரைத்தாவுப்ட் என்பவரும் மறுபடியும் பழவேற்காட்டை நாடிப் போக வேண்டியதாயிற்று. முதல்முறை போனபோது ஐயருக்கு வயது 35. இரண்டாம் முறை 47.

இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் முட்புதரும் இடிபாடும்தான் மிஞ்சியிருக்கின்றன. டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வழியே போகும்போதெல்லாம், இருமுறை இங்கே வந்து சேர்ந்த ஐயரை நினைத்துக்கொள்கிறோம். அந்நிய தேசத்தில் கர்த்தருடைய பாட்டை எப்படிப் பாடுவது என்று கலங்கியவர்களைச் சங்கீதம் 137 நமக்குக் காட்டுகிறது. ஐயருக்கோ தமிழ்நாடே அந்நிய தேசம். அதற்குள்ளும் அவர் அகதியாக வந்தவர்.

அன்பானவர்களே, அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது லாலி தோற்றுச் சரணடைந்தார். புதுச்சேரியில் இருந்த அச்சு இயந்திரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு வேப்பேரி மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசாங்க வேலைகளையும் அச்சிட்டுத் தரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இல் வேப்பேரியில் அச்சாகி வெளிவந்தது. ஐயரை ஓடவைத்த படையின் தலைநகரிலிருந்தே அவருடைய கைக்கு அச்சுக்கூடம் வந்தது!

2. பாடின பாட்டு

ஐயர் மொழிபெயர்ப்பு வேலை செய்த விதம் இன்றும் நமக்குப் பாடமாயிருக்கிறது. தமக்கு விளங்கினால் போதும் என்று அவர் விடவில்லை. எழுதியதைத் தமிழருக்கு வாசித்துக் காட்டுவார். படித்தவரும் கேட்பார், படியாதவரும் கேட்பார். அவர்கள் காதுக்கு எட்டாத சொல்லை மாற்றுவார். முத்து என்னும் தமிழர் அவருக்கு உதவியாயிருந்தார். இப்படிப் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதிய வேதாகமத்தைத் தமிழ் லுத்தரன் சபையார் 20ஆம் நூற்றாண்டிலும் வாசித்து வந்தார்கள். ஆனால் பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறியதைக் காண ஐயர் உயிரோடில்லை.

இதே கையால்தான் அவர் ஞானப்பாட்டுகளையும் எழுதினார். ஜெர்மானியச் சபைகள் பாடிவந்த பாட்டுகளைத் தமிழாக்கினார். அந்தப் பாட்டுகளில் பலவும் சுகவாழ்வில் பிறந்தவை அல்ல. ஜெர்மானியப் பாட்டாசிரியர்களில் புகழ்பெற்றவர் பவுல் கெர்ஹார்ட் (1607–1676) என்னும் போதகர். 1618 முதல் 1648 வரை ஜெர்மனியைச் சீரழித்த முப்பதாண்டுப் போரின் நடுவே வளர்ந்தவர் அவர். தமக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வரை அடக்கம் செய்தவர். போரில் பிறந்த அந்தப் பாட்டு மரபைப் போரில் வீடிழந்த ஒருவர் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் இப்படியே நடந்தது. ஐசக் வாட்ஸ் (1674–1748), சார்லஸ் வெஸ்லி (1707–1788) ஆகியோரின் பாட்டுகளைச் சபைகள் பாடத் தொடங்கிய நூற்றாண்டு அது. அவர்களுக்குப் பின் வந்த வில்லியம் கூப்பர் (1731–1800) என்னும் கவிஞரைப் பற்றி ஒரு மருத்துவமனை மடலில் சொல்லாமல் இருக்க முடியாது. ஆறு வயதில் தாயை இழந்தவர் அவர். மனநோயால் வாதிக்கப்பட்டுத் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றவர். 1763இல் அவரை நத்தானியேல் காட்டன் என்னும் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த அக்காலத்தில் அந்த மருத்துவர் அவரை அன்போடு நடத்திக் குணமாக்கினார். பின்பு கூப்பரும், முன்னாள் அடிமைக்கப்பல் தலைவரான ஜான் நியூட்டன் போதகரும் சேர்ந்து எழுதிய பாட்டுப்புத்தகம் 1779இல் வெளிவந்தது. நோய் கூப்பரை முழுவதும் விட்டுப்போகவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் அவர் பாட்டுகள் இன்றுவரை பாடப்படுகின்றன. பப்ரிசியஸ் ஐயரும் பிரைத்தாவுப்டும் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரியில் அச்சானதும் அதே 1779ஆம் ஆண்டில்தான்.

பாட்டை மொழிபெயர்ப்பது எளிதல்ல. மேல்நாட்டுப் பாட்டில் அடியின் கடைசியில் ஓசை ஒத்துவரும். தமிழிலோ எதுகையும் மோனையும் முக்கியம். ராகத்துக்குள் சொல்லை அடக்கப் பார்த்தால் இன்னொரு சங்கடம் வரும். குறில் எழுத்து நீண்ட சுரத்தில் விழுந்தால் "விடு" என்பது "வீடு" என்று கேட்கும். "கல்" என்பது "கால்" ஆகிவிடும். ஐயர் ஜெர்மானிய ராகத்தை விட்டுவிடாமல் தமிழ்ச் சொல்லை அதற்குள் அமர்த்தினார். எல்லா இடத்திலும் அது சுலபமாக அமர்ந்தது என்று சொல்ல முடியாது. தமிழ்க் காதுக்கு அந்நியமாகத் தோன்றும் இடங்கள் உண்டு.

அந்தக் குறையைத் தமிழரே நிறைவாக்கினார்கள். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், தமிழ் ராகத்திலும் தாளத்திலும், கும்மியிலும் குறவஞ்சியிலும் சுவிசேஷத்தைப் பாடினார். ஆனால் அவரும் பப்ரிசியஸ் ஐயரின் வேதாகம மொழியை நேசித்தவரே. பிற்காலத்தில் அதைத் திருத்த முற்பட்டபோது எதிர்த்து வாதாடினார். இன்று தமிழ்ச் சபைகளில் மூன்று வகைப் பாட்டுகள் ஓடுவதை நாம் அறிவோம். லுத்தரன் சபையாரின் ஞானப்பாட்டுகளில் ஜெர்மானியரின் குரல் கேட்கிறது. பாமாலையில் வாட்ஸும் வெஸ்லியும் கூப்பரும் தமிழில் பேசுகிறார்கள். கீர்த்தனைகளில் சாஸ்திரியார் முதலானோர் நம் சொந்த இசையில் பாடுகிறார்கள். ஞாயிறுதோறும் நாம் கையில் எடுக்கும் பாட்டுப்புத்தகத்தில் எத்தனை பேருடைய கண்ணீர் இருக்கிறது!

எங்கள் வார்டில் நடந்த ஒரு சிறு சம்பவம். குப்பத்திலிருந்து கண் அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஒரு பாட்டி இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தார். அவர் வேறு மார்க்கத்தைச் சேர்ந்தவர். பணியிலிருந்த செவிலியர் மெல்லப் பாடிக்கொண்டே மருந்து ஊற்றினார். பாட்டி அவர் கையைப் பிடித்து, "ராகம் நல்லாருக்கு தாயி. என்னா சொல்ற பாட்டுன்னு வௌங்கல. மெதுவாச் சொல்லு" என்றார். செவிலியர் பாட்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வரியையும் பேச்சுத் தமிழில் சொன்னார். எங்களுக்கு வேப்பேரி ஐயருடைய நினைவு வந்தது. எளியவருக்கு விளங்கும்வரை நம் வேலை முடியவில்லை. மருந்துச் சீட்டுக்கும் இது பொருந்தும், பிரசங்கத்துக்கும் பொருந்தும்.

3. ஒப்புவிக்கப்பட்ட பாடு

இதுவரை எழுதியதோடு இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். பரிசுத்தவான்களின் சரித்திரத்தை அப்படித்தான் பலரும் முடிப்பார்கள். ஆனால் வேதாகமம் தாவீதின் வீழ்ச்சியையும் பேதுருவின் மறுதலிப்பையும் மறைக்கவில்லை. ஆகவே நாமும் மறைக்கப்போவதில்லை.

ஐயரை எல்லாரும் நம்பினார்கள். தங்கள் சேமிப்பை அவர் கையில் ஒப்படைத்தவர்கள் பலர். அவர் அந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கினவர்கள் திருப்பித் தரவில்லை. கடன் மேல் கடன் ஏறியது. ஒரு சொல்லைப் பலமுறை நிறுத்துப் பார்த்த மனிதர் யாருக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை நிறுத்துப் பார்க்கவில்லை. முடிவில் முதிர்வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். தமக்கென்று அவர் சொத்துச் சேர்க்கவில்லை. ஆனால் நம்பிக் கொடுத்தவர்களின் பணம் போய்விட்டது. மிஷனுக்கு அவப்பெயர் வந்தது. 1788இல் ஊழியப் பொறுப்பு கெரிக்கே என்னும் போதகர் கைக்கு மாறியது. 1791 ஜனவரியில், 80 வயது நிறைந்த நாட்களில், பப்ரிசியஸ் ஐயர் மரித்தார்.

இதை நாங்கள் எழுதுவது அவரைக் குறைசொல்வதற்காக அல்ல. உங்கள் காணிக்கையைக் கையில் வாங்குகிறவர்கள் நாங்கள் என்பதால் எழுதுகிறோம். நல்லெண்ணம் வேறு, நல்ல கணக்கு வேறு. ஐயருக்கு முதலாவது குறைவுபடவில்லை. இரண்டாவது குறைவுபட்டதால் ஏழைகள் இழந்தார்கள். பவுல் அப்போஸ்தலர் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப் பணத்தைத் தனியாக எடுத்துச் செல்லவில்லை. ஒருவரும் குற்றம் சொல்ல இடமில்லாதபடி, சபைகள் நியமித்த சகோதரரைக் கூட்டிச் சென்றார் (2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்). பவுலுக்கே சாட்சி தேவையாயிருந்தது என்றால் நமக்கு எவ்வளவு அதிகமாய்த் தேவை!

குப்பத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாம் முடிந்தபோது மீன் விற்கும் அம்மா ஒருவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊழியர் நன்றி சொல்லிப் பெட்டியில் போடப் போனார். "ரசீது போட்டுக் குடுங்க ஐயா. இது எதுக்குப் போவுதுன்னும் சொல்லிடுங்க" என்றார் அந்த அம்மா. ஊழியருக்கு முதலில் வருத்தம். பிறகு யோசித்தார். தன் பாடு எது, அடுத்தவன் பாடு எது என்று தெரிந்து வாழ்கிற ஊரல்லவா அது? அங்கே பத்து ரூபாய்க்கும் கணக்கு உண்டு. பத்து ரூபாய்க்கு ரசீது போட்டோம். இரத்தப் பரிசோதனைச் செலவுக்கு என்று அதில் எழுதியும் கொடுத்தோம்.

நமக்குரிய படிப்பினைகள்

ஹாலே நகரத்தார் 1710 முதல் ஒரு வெளியீட்டை அச்சிட்டு வந்தார்கள். தரங்கம்பாடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் மிஷனெரிகள் அனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அதில் வெளிவரும். ஐரோப்பாவெங்கும் இருந்த ஆதரவாளர்கள் அதை வாசித்து ஜெபித்தார்கள், காணிக்கை அனுப்பினார்கள். இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் மடலுக்கு அது மூதாதை. அந்தப் பங்காளர்கள் தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் அனுப்பிய பணத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து தமிழ்ச் சொற்களைத் தேடினார். அவர் பெயரால் வழங்கும் அகராதி பின்னாளில் தரங்கம்பாடியில் விரிவாக்கப்பட்டுப் பல பதிப்புகள் கண்டது. இப்போது கணினியிலும் தேடிப் பார்க்கும்படி கிடைக்கிறது. கொடுத்தவர்கள் இதையெல்லாம் கற்பனை செய்திருப்பார்களா?

ஆகவே மூன்று காரியங்களை மனதில் வைப்போம்.

முதலாவது, பாடு வரும்போது ஊழியம் முடிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். இருமுறை ஓடியவரின் கையில்தான் தேவன் அச்சுக்கூடத்தைக் கொடுத்தார்.

இரண்டாவது, துன்பத்தில் பிறந்த பாட்டு துன்பப்படுகிறவனுக்கு உதவும். பவுலும் சீலாவும் சிறையில் பாடியபோது மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் (அப்போஸ்தலர் 16). நோயாளியின் கட்டிலருகே பாடும்போது அவருக்கு விளங்கும்படி பாடுவோம்.

மூன்றாவது, அவரவருக்கு ஒப்புவிக்கப்பட்ட பாட்டை அவரவர் உண்மையாய்ச் செய்ய வேண்டும். நம்மால் தாங்க முடியாத பொறுப்பை நல்லெண்ணத்தால் மட்டும் ஏற்றுக்கொண்டால் பிறர் நஷ்டப்படுவார்கள். உதவி கேட்பதும், கணக்குக் காட்டுவதும் விசுவாசக் குறைவல்ல.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. உங்கள் குடும்பத்துக்குக் கஷ்டகாலத்தில் ஆறுதல் தந்த பாட்டு எது? அதை எழுதியவர் யார், எந்தச் சூழ்நிலையில் எழுதினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

2. உங்கள் சபையில் பாடும் பாட்டு, படிப்பறிவில்லாத ஒரு முதியவருக்கு விளங்குகிறதா? விளங்காவிட்டால் விளக்கிச் சொல்லுகிறவர் யார்?

3. ஐயரிடம் பணத்தைக் கொடுத்தவர்கள் முன்னமே கணக்குக் கேட்டிருந்தால் அவருக்கு நன்மையாயிருந்திருக்குமா? கணக்குக் கேட்பது அன்புக்கு விரோதமானதா?

கடைசிக் கேள்வியை எங்களிடமே கேளுங்கள். உங்கள் காணிக்கை எந்த வார்டுக்கு, எந்த மருந்துக்குப் போனது என்று கேட்டு எழுதும் எந்தப் பங்காளருக்கும் பதில் எழுதுவோம். அந்த மீனவ அம்மா எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

பழவேற்காட்டுக் குப்பங்களுக்காக ஜெபியுங்கள். புயலிலும் மழையிலும் ஏரிக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்காகவும், வலை கட்டக் கட்டக் கைவிரல் வெடித்து எங்களிடம் வருகிறவர்களுக்காகவும், மனநோயால் வாடி வெளியே சொல்ல வெட்கப்படும் குடும்பங்களுக்காகவும் ஜெபியுங்கள். எங்கள் கை சுத்தமாகவும் எங்கள் சொல் தெளிவாகவும் இருக்கும்படி எங்களுக்காகவும் ஜெபியுங்கள்.

அவருடைய பணியில்,
உங்கள் அன்புள்ள மருத்துவமனைக் குடும்பத்தார்